நீல நிற அப்சோர்பர்: உள்ளூர்க் கடையா, வெளிநாட்டுப் பார்சலா?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருப்பவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது பாதி வேலை. கடிதம் எழுதித் தருவது மீதி வேலை. பிறப்புப் பத்திரத்துக்குப் பாரம் நிரப்ப, சேமநிதிக் கணக்கை விசாரிக்க, மின்சாரக் கட்டணம் கூடி வந்தால் முறையிட என்று மாலை வேளையில் யாராவது ஒருவர் வாசலில் வந்து நிற்பார்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இத்தனை ஆண்டுகளாக இது எனக்குப் பழகிப்போன காரியம். ஆனால், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் பழைய மாணவன் ஒருவன் கொண்டு வந்த வேலை மட்டும் புதிது.

கையில் ஓர் அட்டைப் பெட்டி. முகத்தில் கோபம்.

"டீச்சர், இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி எழுதணும். கொஞ்சம் காட்டமாவே எழுதுங்க."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். மோட்டார் சைக்கிளுக்கான பின் அப்சோர்பர் ஒரு ஜோடி. நீல நிறச் சுருள், பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு சிறு குப்பி. நகைக் கடைக் கண்ணாடிக்குள் வைக்கலாம் போல மின்னின. கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்து, வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து வரவழைத்திருக்கிறான். பணம் கட்டி 23 நாள் கழித்துப் பார்சல் வந்திருக்கிறது. வந்ததை எடுத்துக்கொண்டு மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பொருத்தப் பார்த்தால், மேல் கண் மாட்டினால் கீழ்க் கண் எட்டவில்லை. கீழே மாட்டினால் மேலே எட்டவில்லை. மோட்டாரின் பின்பக்கத்தை அமுக்கிப் பிடித்து ஒருவழியாக மாட்டி, பால் தோம்புகளை ஏற்றியிருக்கிறான். பின் டயர் மட்காட்டில் உரசிக் கருகிய நாற்றம் அடித்ததாம்.

இவன் மரம் வெட்டுகிறவன். காலையில் பெரட்டு முடிந்து, நிரைக்குப் போய், பால் எடுத்து, இரண்டு தோம்புகளை மோட்டாரின் இரு பக்கமும் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வர வேண்டும். மோட்டார் நின்றுவிட்டால் வேலை நின்றதற்குச் சமம். பார்சலுக்காகக் காத்திருந்த நாள்களில் எண்ணெய் ஒழுகும் பழைய அப்சோர்பரோடு ஓட்டியிருக்கிறான். அதிலும் ஒன்று முறிந்து, நான்கு நாள் வேலைக்கே போகவில்லை.

கடிதம் எழுதுவதற்கு முன்னால் கணக்கு எழுதலாம் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். வாத்திமார் புத்தி!

சாமானின் விலை 278 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து இணைய வழியாக வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத சாமான்களுக்கு 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் அரசாங்கம் பத்து விழுக்காடு விற்பனை வரி விதிக்கிறது. அது 27 வெள்ளி 80 சென். அனுப்பும் கூலி 46 வெள்ளி. ஆக 351 வெள்ளி 80 சென். இதோடு முடிந்ததா? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதை 26 நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். நான்கு நாள் போனது 261 வெள்ளி. கூட்டிப் பார்த்தால் 600 வெள்ளியைத் தாண்டி நிற்கிறது. அந்த அப்சோர்பரில் இன்னும் ஒரு தோம்புப் பால்கூட ஸ்டோருக்குப் போய்ச் சேரவில்லை!

"கடையில 150 வெள்ளிதான் டீச்சர். ஆனா அது சாதாரணம். இது ரேஸ்ல ஓட்டுறது" என்றான்.

அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது.

அப்சோர்பர் என்ன செய்கிறது?

நம்மில் பலர் அப்சோர்பர் என்றால் வெளியே தெரிகிற சுருள் கம்பிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுருள் பாரத்தைத் தாங்குகிறது, உண்மைதான். ஆனால் சுருள் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த மோட்டார் பத்து முறை குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். ஒரு தண்டு மேலும் கீழும் போக, எண்ணெய் சிறு துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகிறது. குதிக்கும் வேகம் அங்கே சூடாக மாறி அடங்கிவிடுகிறது. மலையேறி வந்த மோட்டாரின் அப்சோர்பரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். எண்ணெய் ஒழுகிவிட்டால் சுருள் மட்டும் மிஞ்சும்.

வீட்டில் சோதித்துப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. மோட்டாரின் பின் இருக்கையை உடம்புப் பாரத்தோடு ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து நின்றுவிட்டால் நல்லது. கட்டிலில் குழந்தை குதிப்பதுபோல் இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ரேஸ் ஓட்டுகிறவருக்கு ஓர் ஆள் பாரம், தார்ச் சாலை, வளைவில் வேகம். நம் பிள்ளைக்கோ உடம்பு 65 கிலோ. 20 லிட்டர் தோம்பு இரண்டு நிறைந்தால், பால் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ என்பதால், இன்னும் 40 கிலோ. மாலையில் அதே மோட்டாரில் மனைவியும் பிள்ளையும் பின்னால். பாதையோ செம்மண், மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் பாளம். இந்த இரண்டு பேருக்கும் ஒரே அப்சோர்பர் எப்படிப் பொருந்தும்? விலை கூடினால் பாரம் தாங்கும் என்று ஒரு சட்டமும் கிடையாது.

சுருளில் ஒரு வேடிக்கை உண்டு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்காகவே போடலாம். கம்பியின் தடிப்பு 7 மில்லிமீட்டரிலிருந்து ஏழரை மில்லிமீட்டர் ஆனால், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் சுற்றுகளின் எண்ணிக்கையும் அகலமும் மாறாதிருந்தால், சுருளின் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தடிப்பை நான்கு முறை பெருக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். ஆகவே படத்தைப் பார்த்து, "இது தடியாகத் தெரிகிறது, நன்றாகத் தாங்கும்" என்று முடிவு கட்டுவது, பானையை வெளியே பார்த்துச் சோறு வெந்ததா என்று சொல்வது போலத்தான்.

ஆனால் நீளம் அப்படியல்ல. அளவு நாடா இருந்தால் எவரும் அளக்கலாம். மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரைக்கும் எவ்வளவு? அவனுடைய பழையதை வாங்கிப் பள்ளிக்கூட அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: 340 மில்லிமீட்டர். நீலத்தை அளந்தேன்: 320. இரண்டு சென்டிமீட்டர் குட்டை. வெறும் இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பின்பக்கம் தாழ்ந்தால் டயர் மட்காட்டை நெருங்கும். முன்பக்கம் நிமிர்ந்து கைப்பிடி திருப்பச் சுணங்கும். கால்வைக்கும் கம்பி மேட்டில் இடிக்கும். நீளம் கூடினாலும் ஆபத்துதான்; சங்கிலி, ஆடும் கையில் உரசும், நடு ஸ்டாண்ட் நிற்காது.

"வாங்கும்போது அளவு கேட்டார்களா?" என்றேன். கேட்டிருக்கிறார்கள். 320, 330, 340 என்று மூன்று கட்டம் இருந்ததாம். படத்தில் இருந்தது முதல் கட்டம், அதையே தொட்டிருக்கிறான். ஆக, வியாபாரியைக் காட்டமாகத் திட்டுவதற்கு நமக்கு நியாயமில்லை. கோபத்தைக் குறைத்து, மாற்றித் தர இயலுமா என்று பணிவாக ஒரு கடிதம் எழுதினோம். இரண்டு நாளில் பதில் வந்தது, அதுவும் மரியாதையாகவே. திருப்பி அனுப்பினால் மாற்றித் தருகிறோம், அனுப்பும் செலவு உங்களுடையது என்று. பட்டணத்தில் கூரியர் கடையில் விசாரித்தபோது 138 வெள்ளி கேட்டார்கள்.

தவுக்கேயிடம் போனோம்

மறுநாள் சனிக்கிழமை. அவனையும் அழைத்துக்கொண்டு பட்டணத்தில் எனக்குப் பழக்கமான சீனர் கடைக்குப் போனேன். தவுக்கேக்கு எழுபது வயதிருக்கும். தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் மலாய். நீல அப்சோர்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்காக அவரை மெச்ச வேண்டும்.

"சிக்கு, இது கெட்ட சாமான் இல்ல. ஆனா இந்த மோட்டாருக்கு இல்ல" என்றார்.

பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம் என் கண்ணைத் திறந்தது. "எல்லாரும் உள்ளூர் சாமான், உள்ளூர் சாமான்னு சொல்றாங்க. என் கடையில பாதி சாமான் தாய்லாந்து, இந்தோனேசியா. கொஞ்சம் ஜப்பான், தைவான். நானும் வெளிநாட்டுல இருந்துதான் வாங்குறேன். நீங்க ஒண்ணு வாங்குறீங்க, மொத்த வியாபாரி ஒரு கன்டெய்னர் வாங்குறான், அவ்வளவுதான்."

யோசித்துப் பாருங்கள். பட்டணத்துக் கடையில் வாங்குவதும் ஒரு விதத்தில் இறக்குமதிதான். கப்பல் கூலி, சுங்க வரி, வழியில் உடைந்தால் நஷ்டம், அளவு தவறினால் தலைவலி, இவை அத்தனையையும் நமக்கு முன்னால் வேறொருவர் சுமந்து முடித்துவிடுகிறார். அதற்கான கூலிதான் விலையில் இருக்கிறது. பார்சலில் வாங்கும்போது அந்தச் சுமை முழுவதும் நம் தலையில் இறங்குகிறது. வெள்ளியின் மதிப்பும் இதில் சேரும். 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஓர் அமெரிக்க டாலருக்கு 3 வெள்ளி 80 சென் என்று அரசாங்கம் கட்டி வைத்திருந்தது. 2024 பிப்ரவரியில் அது 4 வெள்ளி 80 சென் அளவுக்குப் போயிற்று. 60 டாலர் சாமான் ஒன்று, முன்பு 228 வெள்ளி என்றால் அப்போது 288 வெள்ளி. சாமான் அதேதான். பிறகு வெள்ளி தேறி வந்தது. ஆனாலும் டாலரில் விலை போட்ட படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அன்றைய மதிப்பைப் பார்த்த பிறகே விரலை வைக்க வேண்டும்.

தவுக்கே மோட்டாரின் வகையையும் ஆண்டையும் கேட்டார். சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். ஹோண்டா சாமான் பெட்டியில் இருக்கும் எண்ணைப் படிக்கவும் கற்றுக் கொடுத்தார். முதல் ஐந்து இலக்கம் எந்த உறுப்பு என்பதைக் காட்டும். 52400 என்று தொடங்கினால் பின் அப்சோர்பர், 51400, 51500 என்றால் முன் போர்க்கின் வலமும் இடமும். நடுவில் வருவது எந்த மோட்டார் வகைக்கு என்பதைக் குறிப்பது. ஒரிஜினல் என்று சொல்லி விற்கும் கடையில் பெட்டியின் எண்ணும், நம் மோட்டார் வகையின் எண்ணும் ஒத்து வருகிறதா என்று பார்ப்பதற்கு இங்கிலீஷ் படித்திருக்க வேண்டியதில்லை. இலக்கம் தெரிந்தால் போதும்.

ஜோடி 145 வெள்ளி, மாட்டும் கூலி 15 வெள்ளி. ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று பையன் இழுத்தான். "ஒரு கால்ல புதுச் சப்பாத்து, ஒரு கால்ல பழசு போட்டு நடப்பியா?" என்று தவுக்கே கேட்டுவிட்டார். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது அப்சோர்பருக்கு எழுதாத சட்டம். அடியில் இருக்கும் வளையத்தைத் திருப்பி, பாரம் ஏற்றும் மோட்டாருக்கு ஏற்றபடி ஒரு படி உயர்த்தி வைத்தார். இந்த வளையம் சுருளை விறைப்பாக்குவதில்லை. மோட்டார் நிற்கும் உயரத்தைத்தான் மாற்றுகிறது என்பதையும் அவர்தான் சொன்னார். இத்தனை வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு.

உள்ளூர்க் கடையும் ஏமாற்றும்

இதைப் படித்துவிட்டு, பட்டணத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள், வெளிநாட்டு வியாபாரிகள் எல்லாரும் எமகாதகர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். என் முழங்காலில் இருக்கும் தழும்பு அப்படிச் சொல்ல விடாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் கப்சாய் மோட்டாரின் முன் போர்க்கில் எண்ணெய் கசிந்தது. வேறொரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஆயில் சீல் இரண்டும் ஒரிஜினல் என்று சொல்லி 90 வெள்ளி வாங்கினார்கள். இரண்டு மாதம் முழுதாக ஆகவில்லை. ஒருநாள் காலை என் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வரும்போது, கோயிலுக்குப் பக்கத்து இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். பிடிக்கவில்லை. போர்க்கிலிருந்து ஒழுகிய எண்ணெய், டிஸ்க் பிரேக்கின் கட்டையில் ஊறிப் போயிருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் அழுத்தியதும் சரளைக் கல்லில் சறுக்கி விழுந்தோம். நல்ல வேளையாகக் குழந்தைக்கு உள்ளங்கைச் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு முழங்கால் கிழிந்தது. அன்று நான் பாடம் நடத்தினேனா என்பது நினைவில்லை. பக்கத்து லயத்து அக்கா ஒருவர் மஞ்சள் அரைத்துக்கொண்டு ஓடி வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

தாய்மார்கள் இந்த ஒன்றையாவது கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போர்க் குழாயைச் சுற்றி எண்ணெய் வளையம் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். விரலால் தடவினால் கையில் ஒட்டும். ஒட்டினால் அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும். சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடுகிற சாமான் இதுவல்ல. சீல் கெடுவதற்கு முக்கியக் காரணம் சேறு. காய்ந்த சேறு குழாயில் ஒட்டியிருக்க, போர்க் மேலும் கீழும் போகும்போது அது உப்புத்தாள் மாதிரி சீலை அரைத்துவிடும். மாலையில் ஓர் ஈரத்துணியால் குழாயைத் துடைத்தாலே பாதிக் காலம் கூடும். குழாயில் துருப் புள்ளி விழுந்திருந்தால், எத்தனை புதுச் சீல் போட்டாலும் கிழியும். எந்த நாட்டுச் சீல் ஆனாலும்தான்.

அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போனபோது, "அது நாங்கள் போட்டதே இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காலம், நான் ரசீது வாங்கியிருந்தேன். அதில் ஆயில் சீல் ஒரிஜினல் என்று அவர்கள் கையெழுத்திலேயே இருந்தது. ஈப்போவில் இருக்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு மனு எழுதினேன்.

இந்த மன்றத்தைப் பற்றி நம் தோட்டத்து மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. சாதாரணமாக வைக்கவும் விடமாட்டார்கள், ஆகவே பணக்காரக் கடைக்காரரும் நம்மைப் போல் தனியாகத்தான் வந்து நிற்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் உடம்பில் பட்ட காயத்துக்கு அங்கே இழப்பீடு கேட்க முடியாது. அதனால் என் முழங்காலை விட்டுவிட்டு, சீல், பிரேக் கட்டை, கூலி என்று மட்டும் 215 வெள்ளி கேட்டேன். விசாரணைத் தேதி போட்ட கடிதம் கடைக்குப் போன மறுவாரமே அந்தப் பட்டறையிலிருந்து ஆள் வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தேநீர்கூடக் குடிக்கவில்லை!

கடல் கடந்து இருக்கும் வியாபாரியிடம் இந்த 5 வெள்ளி மனு செல்லுமா? அவரை ஈப்போவுக்கு அழைத்து வந்து நிறுத்த யாரால் முடியும்? உள்ளூர்க்காரர் நல்லவர் என்பதற்காக அல்ல. கெட்டவரானாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார் என்பதற்காகத்தான் அன்றாடம் ஓடும் மோட்டாருக்கு உள்ளூரில் வாங்கச் சொல்கிறேன். அதுவும் ரசீது இருந்தால்தான். "ரசீது வேண்டாம் என்றால் பத்து வெள்ளி குறைத்துத் தருகிறேன்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அந்தப் பத்து வெள்ளிக்கு உங்கள் வாயை விலைக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் மோட்டார்

அப்படியானால் வெளிநாட்டிலிருந்து வாங்கவே கூடாதா? நானே வாங்கியிருக்கிறேன்.

என் தகப்பனார் மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய ஹோண்டா சி70 இன்னும் என் வீட்டில் இருக்கிறது. நாங்கள் மூன்று பிள்ளைகள் அதில்தான் பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போனோம். ஒருத்தி முன்னால் நின்றுகொண்டு, இரண்டு பேர் பின்னால். அந்த வகை மோட்டாரின் முன்சக்கரத்துக்கு இப்போதைய மோட்டார்களில் பலவற்றில் உள்ளதுபோல் நீண்ட குழாய் கிடையாது. தகட்டுப் போர்க்கின் அடியில் இரண்டு சிறு கைகள் முன்னோக்கி நீண்டிருக்கும். சக்கரம் அதில் தொங்கும். முன் பிரேக் பிடித்தால் மூக்கு தாழாமல் சற்று மேலே எழும்பும். சின்ன வயதில் அதை நான் மோட்டார் தலை தூக்கிப் பார்க்கிறது என்பேன்.

அந்தக் கைகள் அசையும் இடத்தில் உள்ள புஷ் தேய்ந்து முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது. தவுக்கேயிடம் இல்லை. ஈப்போவில் நான்கு கடை ஏறினேன்; இல்லை. கடைசியாக ஜப்பானில் இருக்கும் பழஞ்சாமான் வியாபாரி ஒருவரிடம் இணையத்தில் கிடைத்தது. இந்தக் கப் குடும்பத்து மோட்டார் 1958இல் வந்தது. 2017 அக்டோபரில் பத்து கோடியாவது வண்டி தயாரானது. உலகம் முழுவதும் அத்தனை வண்டி ஓடியதால், அதற்குச் சாமான் வைத்திருப்பவரும் எங்கோ இருக்கத்தான் செய்கிறார்.

வாங்கும் முன் பழைய புஷ்ஷை வெளியே எடுத்து, உள்வட்டம், வெளிவட்டம், நீளம் மூன்றையும் அளந்தேன். சாமான் எண்ணை எழுதி அனுப்பி, இதே எண்தானா என்று கேட்டு, ஆம் என்ற பதிலைப் பத்திரப்படுத்திய பிறகே பணம் கட்டினேன். உள்ளங்கையில் அடங்கும் சாமான். அனுப்பும் கூலி சொற்பம். மூன்று வாரத்தில் வந்தது, கச்சிதமாகப் பொருந்தியது. அந்த மூன்று வாரமும் அப்பாவின் மோட்டார் திண்ணையில் நின்றது. என் வேலை நிற்கவில்லை. இதுதான் என் மாணவனுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம். அவனுடையது சோறு போடும் மோட்டார்.

பக்கத்தில் குப்பி வைத்த அப்சோர்பர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் ஆசைப்படுவதால். சில வகைகளில் உள்ளே நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். எண்ணெய் ஒழுகினால் பிரித்துச் சீர் செய்யலாம் என்பது அதன் பெருமை; ஆனால் அதற்கு வாயு அடைக்கும் கருவியும், அந்த வகைக்கே உரிய சீலும் வேண்டும். வீட்டில் ஸ்பேனர் வைத்துத் திறந்தால் அழுத்தத்தில் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். சீர் செய்யும் கடை பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் பெருமையால் நமக்கு என்ன லாபம்? சுவீடன் நாட்டு ஓலின்ஸ் போன்ற பெயர் பெற்ற சாமான்களுக்குப் போலியும் ஏராளம். அசல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு யாராவது விற்றால், அங்கே அசல் எதுவென்றால் நாம் கொடுக்கும் பணம் மட்டும்தான்.

நீல அப்சோர்பர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 138 வெள்ளி கொடுத்துத் திருப்பி அனுப்ப அவனுக்கு மனமில்லை. பட்டணத்தில் தெரிந்த பையன் ஒருவனுடைய மோட்டாருக்கு 320தான் அளவு என்று கேள்விப்பட்டு, 150 வெள்ளிக்குக் கேட்டுப் பார்த்தான். அந்தப் பையன் 100 என்றான். தீபாவளிக்கு முதல் வாரம் 120க்கு முடிந்தது. அந்தக் காசில் தன் அம்மாவுக்குச் சேலை எடுத்ததாக அம்மாவே வந்து சொன்னார். சேலையையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இப்ப தோம்பு ரெண்டும் கட்டிக்கிட்டு வந்தாலும் ஆடலையாம் டீச்சர்" என்றார். "அதென்னமோ, தம்பி இப்பல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும் கையில அளவுகோல் வச்சுக்கிட்டுத்தான் போறான்."

அது பள்ளிக்கூடத்து அளவுகோல். இன்னும் திருப்பித் தரவில்லை.